ஏழைத் தொழிலாளியின் சேமிப்பும் பிதிரார்ஜித நிலமும்

சிக்கனத்தின் பெருமையை நமக்கு எடுத்துரையாதார் இலர். எறும்பினைச் சோம்பேறிக்கு ஆசானாகக் காட்டினார் சாலொமோன் ஞானி. அஞ்சறைப் பெட்டியின் அடியிலே காசு முடிந்து வைத்த நம் பாட்டிமாரோ, சாலொமோனைக் கேட்டறியாதவராயினும், அப்பாடத்தை அவரினும் நன்றாகவே நமக்குக் கற்பித்தனர். சேர்த்து வைத்தல் நல்லொழுக்கம் என்றும், முன்னோர் விட்டுச்சென்ற பூமியைக் கைநழுவாமற் காத்தல் கடமை என்றும் கேட்டு வளர்ந்தவர் நாம். இவ்விரண்டினையும் ஒருங்கே செய்துவந்த ஓர் ஏழைக் குடும்பத்தை நோக்கி, "உங்கட்கு நிலம் இருக்கிறது, ஆதலின் சகாயம் இல்லை" என்று ஒரு விதி கூறுமாயின், அவ்விதியைச் சற்றே நின்று ஆராய்தல் படித்தோர்க்கு அடுத்த செயலாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை யான் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. வேறிடங்களில் நிலத்தின் விலை பெரும்பாலும் அதன் விளைவைப் பின்பற்றிச் செல்லும். காவிரிப் பாய்ச்சலுள்ள நன்செய்க்கு ஒரு விலை, வானம் பார்த்த புன்செய்க்கு ஒரு விலை என்பது உழவரின் பழைய கணக்கு. ஓசூரில் அக்கணக்கு பொய்த்துப்போயிற்று. 1971-ல் நிறுவப்பெற்ற சிப்காட் எனும் தொழில் முன்னேற்ற நிறுவனம் இவ்வூரில் தொழிற்பேட்டை அமைத்தபின், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரி ஜில்லாவினின்று கிருஷ்ணகிரி ஜில்லா பிரிந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலையும், கெலமங்கலத்துப் பக்கம் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் பெருஞ்சாலையும் பின்னர் எழுந்தன. பெங்களூர் நகரம் நாற்பது கிலோமீட்டர்த் தொலைவிலிருந்து கைநீட்டி அழைத்துக்கொண்டே யிருக்கிறது. இவற்றின் பயனாகச் சூளகிரி, பேரிகை, பாகலூர் முதலான ஊர்களில் கேழ்வரகும் கொள்ளும் மாத்திரமே விளைந்த செம்மண் மேடுகள் மனைகளாகவும், மனைகளாகப் போகும் நிலங்களாகவும் விலை பேசப்படுகின்றன. விலை ஏறிற்றேயன்றி, அம்மண்ணில் மழை ஏறவில்லை. கேழ்வரகின் கதிரும் பெருக்கவில்லை.

இங்கே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனையென்று கூறினும், இத்தகைய குடும்பம் சூளகிரிச் சந்தைக்குப் போகும் எந்தப் பேருந்திலும் ஒன்றேனும் இருக்கும். தகப்பனார் தாமே கிரயம் பெற்ற இரண்டு ஏக்கர் புன்செய் நிலத்தை விட்டுக் காலமானார், உயில் எழுதவில்லை. மனைவியும், ஒரு மகனும், இரண்டு புதல்வியரும் வாரிசுகள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வர்க்கும் சமபாகம். ஆளுக்கு அரை ஏக்கர். பட்டாவோ இன்னும் இறந்தவர் பெயரிலேயே கிடக்கிறது, அல்லது நால்வர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. மகன் ஓசூரில் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறான். மூத்த பெண் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இளையவள் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறாள். தாய்க்கு வயது அறுபத்தெட்டு.

அத்தாய் முதியோர் ஓய்வூதியம் வேண்டி மனுச் செய்கிறாள் என்க. தமிழ்நாட்டில் இவ்வுதவி 1962-ல் தொடங்கிற்று; 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்றவராயிருத்தல் வேண்டும் என்பதுடன், அசையாச் சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டலாகாது என்பதும் அதற்கு விதித்த நிபந்தனை. முன்னர் இவ்வெல்லை 50,000 ரூபாயாக இருந்தது. ஓசூர் நகரை யடுத்த மனைப்பிரிவுகளில் ஒரு சென்ட் மண்ணே ஒரு லட்சத்தைத் தாண்டும். அரை ஏக்கர் என்பது ஐம்பது சென்ட். ஆகவே ஏட்டின்படி அத்தாய் செல்வச் சீமாட்டி. அவளுடைய அடுப்பில் எரிவதோ அதே கருவேலஞ் சுள்ளி. அவள் உண்பதோ ரேஷன் அரிசி.

இனி அதே வீட்டில் மருமகள் மகளிர் உரிமைத் தொகைக்கு மனுச் செய்கிறாள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில், மாதம் 1,000 ரூபாய் என்ற அளவில், தொடங்கப்பெற்ற திட்டம் அது. அப்பொழுது வெளியிட்ட நிபந்தனைகளின்படி, குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படலாகாது; நன்செய் ஐந்து ஏக்கருக்கும், புன்செய் பத்து ஏக்கருக்கும் மிகலாகாது; மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டலாகாது; கார் இருத்தலாகாது. நிலத்தின் விலை யாது என்று இங்கே கேட்பார் இல்லை, ஏக்கரே கணக்கு. ஆகவே மாமியார் செல்வச் சீமாட்டியாகிய அதே நிலத்தின்மேல் நின்றுகொண்டு மருமகள் ஏழையாகிறாள். ஒரே கூரை, ஒரே மண், ஒரே கேழ்வரகுக் களி, இரண்டு அளவுகோல்! (உரிமைத் தொகை என்பது நல்ல பெயர். உரிமை என்று சொன்னபின் ஏக்கர் எதற்கு என்று வினவுவாரும் உளர். அஃது வேறொரு வழக்கு.)

ஏக்கர்க் கணக்கிலும் குறையில்லாமலில்லை. ராமநாதபுரத்துப் பத்து ஏக்கர்ப் புன்செய்யும், ஓசூர்ச் சாலையோரத்துப் பத்து ஏக்கர்ப் புன்செய்யும் ஒன்றென்று எண்ணும் கணக்கு அது. எனினும் இரண்டனுள் எது ஏழைக்கு அதிகத் தீங்கு செய்கிறதென்று கேட்டால், விலைக்கணக்கே என்பது என் துணிபு. ஏக்கர்க் கணக்கினால் சில செல்வர் உள்ளே புகுந்துவிடலாம். விலைக்கணக்கினாலோ ஏழை வெளியே தள்ளப்படுகிறான். அதுவும் தான் யாதொன்றும் செய்யாமலே தள்ளப்படுகிறான். எங்கோ ஒரு கம்பெனி ஒப்பந்தத்திற் கையெழுத்திட, இங்கே ஒரு கிழவியின் மனு தள்ளுபடியாகிறது.

தள்ளுபடியானபின் நடப்பது யாது? திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாரேனும் ஒரு விவரமறிந்தவர் யோசனை சொல்லுவார்: "பாகத்தை மகன் பேருக்கு எழுதி வைத்துவிடு, ஆத்தா, உன் பேரில் ஒன்றும் இல்லையென்று ஆகிவிடும்." இந்த யோசனையே இவ்விஷயத்தில் மிகவும் அபாயகரமானது. 1,200 ரூபாய்க்காக ஒரு முதியவள், தன் முதுமைக்கு எஞ்சிய ஒரே பிடியைத் தானசெட்டில்மெண்டு பத்திரத்தில் விட்டுக்கொடுக்கிறாள். நிலம் தன் பெயரில் உள்ளமட்டும் அவளைச் சோற்றுக்கு அழைப்பார் பலர். நிலம் போனபின் அழைப்பார் தொகை குறையும். இதனை யறிந்தே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் பின்னர்ப் பராமரியாவிடில் அப்பத்திரத்தை ரத்துச் செய்ய வழி வகுத்தது. ஆனால் அந்நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளும் தாய்மார் எத்தனை பேர்? மகனிடம் நிபந்தனை கேட்பது நம் நாட்டில் வெட்கக்கேடாக எண்ணப்படுகிறது. ஒரு சட்டம் முதியோரின் சொத்தைக் காக்க முயல, மற்றோர் உதவியின் விதி அச்சொத்தைக் கைவிடும்படி அவர்களைத் தூண்டுவது விந்தையன்றோ!

புதல்வியர் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனையொப்பப் பிறப்புரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. கர்நாடகம் 1994-ல் செய்தது. இந்திய அரசாங்கம் 2005-ல் நாடு முழுமைக்கும் அதனை ஆக்கிற்று. கிறிஸ்தவக் குடும்பங்களை ஆளும் 1925-ஆம் ஆண்டின் சட்டத்தில் மகனென்றும் மகளென்றும் பாகத்தில் வேற்றுமை இல்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் மோசேயின் முன் நின்று கேட்ட நியாயம் இவ்வாறு மெல்ல மெல்ல நம் எல்லைக் கிராமங்களையும் வந்து எட்டிற்று. வந்து எட்டியும், அவ்வுரிமை பெரும்பாலும் தாளில் நிற்கிறது. பிரிக்கப்படாத கூட்டுப் பட்டாவில் பெயர் மாத்திரம் ஏறுகிறது. மண்ணோ அண்ணன் கையில் இருக்கிறது. ராயக்கோட்டைக் கூலிப்பெண்ணுக்கு அந்த அரை ஏக்கரினின்று ஒரு படி கேழ்வரகும் வருவதில்லை. அவள் முதுமையடைந்து உதவி கேட்கும் நாளில், அவள் கண்ணாலும் காணாத அந்தப் பாகம் அவள் கணக்கில் சொத்தாக எழுந்து நிற்கும். அதைவிட இப்போதே அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்து விடலாமே என்று அவள் எண்ணினால், அவளைக் குறைகூற நமக்கு வாய் ஏது? வாரிசுரிமையை ஒரு கையால் கொடுத்து, அதைப் பெற்றதற்காக மறுகையால் தண்டித்தல் எவ்விதத்தில் நியாயம் என்று யான் அறியேன்.

இனி அந்நிலம் பணமாக மாறும் கதையைக் காண்போம். தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சூளகிரியை அடுத்த ஊர்களில் இச்சட்டத்தின் நிழலில் உழவர்கள் அஞ்சி வாழ்ந்ததையும், உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்தார் தம் பூமியைக் கொடோம் என்று நாட்கணக்கில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்ததையும் பத்திரிகை வாயிலாக நேயர்கள் அறிந்திருப்பர். பிதாக்களின் சுதந்தரத்தை அரசனுக்கும் விற்க மறுத்த நாபோத்தின் திராட்சத் தோட்டம் அவர்களுக்கு வெறுங் கதையன்று. நிலம் எடுக்கப்பட்டு நஷ்டஈடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பல லட்சம் ரூபாய் வங்கியிற் கிடக்கும். ஆனால் அக்குடும்பத்திற்கு இப்போது ஏக்கரும் இல்லை, அசையாச் சொத்தும் இல்லை. விதியின் கண்ணுக்கு அவர்கள் ஏழைகளாகிவிட்டனர். மண் இருந்தபோது பசியுடன் செல்வராயிருந்தோர், மண் போனபின் பணத்துடன் ஏழைகளாயினர். இதனைக் கண்டு நகைப்பதா, அழுவதா என்று தோன்றவில்லை.

இதற்கு நேர் மாறாகவும் நிகழக்கூடும். பல ஒப்பந்தக்காரரிடம் மாறி மாறி உழைத்த ஒரு தொழிலாளியை எண்ணுங்கள். சேமநிதி ஓய்வூதியத்துக்குரிய பத்தாண்டுச் சேவை நிறையாமையால் அவனுக்கு மாதாந்தரத் தொகை கிடையாது. சேமநிதியில் சேர்ந்த இரண்டொரு லட்சம் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அவன் அதனைக் கொண்டு ஊரில் ஒரு மனை வாங்கி, இரண்டு அறை கட்டிக்கொள்கிறான். புத்தியுள்ள எவனும் அதனையே செய்வான். அறுபது வயதில் உதவி கேட்கும்போது அவ்வீடு அவனுக்கு எதிர்ச்சாட்சியாகிறது. அதே பணத்தை நகையாக்கி மனைவியின் பெட்டியில் பூட்டியிருந்தால் கேட்பாரில்லை. விதி இவ்விதம் இருக்கையில், ஏழைகள் பொன்னை மோகிக்கின்றனர், வங்கியை நம்பவில்லை, முதலீடு அறியார் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் வருந்துவது எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது.

சேமநிதியைப் பற்றிச் சொல்லும்போது, சட்டம் செய்தோர் ஒரு காலத்தில் எத்துணைக் கண்ணியத்துடன் எண்ணினர் என்பதையும் சொல்லவேண்டும். 1952-ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டத்து 10-ஆம் பிரிவின்படி, தொழிலாளியின் கணக்கில் உள்ள தொகையை எந்தக் கடன்காரனும், எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்தல் இயலாது. அவன் இறந்தபின் நியமனதாரர் கைக்கு வரும் தொகையையும் அவனுடைய கடன் தொடாது. தொழிலாளியின் சேமிப்பு புனிதமானது, அதன்மேல் பிறர் கைபடலாகாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நியமனதாரர் என்ற சொல்லைப் பற்றி இளந் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரியவரே யன்றி, அதனாலேயே அப்பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் சர்பதி தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் பின்னர்த் திருத்தப்பெற்று மனைவி, மக்கள், பெற்றோர் முதலியோர் நியமிக்கப்பட்டிருப்பின் அவர்கட்கே உரிமையும் சேரும் என்றாயிற்று. கலியாணத்துக்கு முன் நண்பன் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் அந்தப் படிவத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

சேமிப்பை வளர்ப்பதற்குச் சர்க்காரே இம்மண்ணில் பாடுபட்டதையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்களின் இயக்கம் 1989-ல், சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியின் துணைகொண்டு, முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது பழைய தருமபுரி ஜில்லாவிலேதான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்பொழுது அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. வாரந்தோறும் சில ரூபாய் வீதம் சேர்த்து, கணக்குப் புத்தகம் எழுதி, தமக்குள் கடன் கொடுத்து வாங்கப் பழகிய அன்றைய பெண்கள் இன்று பாட்டிமார். "சேர், சேர்" என்று அவர்கட்குச் சொல்லிக்கொடுத்த அதே அரசாங்கத்தின் மற்றோர் அறையில், சேர்த்ததனால் வாங்கிய மனைக்கு மதிப்புப் போடப்படுகிறது.

வருமான எல்லைகளும் ஒன்றோடொன்று கைகோப்பதில்லை. தொழிலாளர் காப்புறுதி, அதாவது இ.எஸ்.ஐ., 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய்ச் சம்பளம் வரையில் என்று வகுக்கப்பட்டது. அதனை ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,52,000. உரிமைத் தொகையின் எல்லையோ 2,50,000. இரண்டாயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் தவறி விழுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு 2022-ல் உயர்த்திய எல்லை ஆண்டுக்கு 1,20,000, அதாவது மாதம் 10,000. மாதம் பதினாயிரத்துக்குமேல் சம்பாதித்து, இ.எஸ்.ஐ. பிடித்தமில்லாத சிறு பட்டறையில் உழைப்பவன் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறான். 21,000 ரூபாயைத் தாண்டும்படி ஐந்நூறு ரூபாய் உயர்வு பெற்றவனும், நடப்புச் சந்தா அரையாண்டு முடிந்தபின் காப்புறுதியை இழந்து அதே இடத்தில் வந்து நிற்கிறான். உயர்வு வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கெஞ்சும் தொழிலாளியைக் கண்டு நகைப்போர், அவன் வீட்டில் நோயாளி யார் என்று விசாரித்தபின் நகைக்கட்டும்.

இத்தனைக் குழப்பத்திற்கும் இடையே ஓரிடத்தில் தமிழ்நாடு தெளிவான வழியைப் பின்பற்றி வந்திருக்கிறது. 1997-ல் மத்திய அரசாங்கம் ரேஷனை வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அப்பிரிவினையை ஏலாமல் யாவர்க்கும் பொதுவான முறையிலேயே நின்றது. 2011 ஜூனில் அரிசி இலவசமாயிற்று. அரிசி அட்டைக்காரரை நோக்கி எத்தனை ஏக்கர், எத்தனை சவரன் என்று கேட்பதில்லை. சூசூவாடிச் சோதனைச் சாவடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் காலெடுத்து வைத்தால் வழக்கம் வேறு. கர்நாடகத்தில் வறுமைக்கோட்டு அட்டைக்கு வருமானம் 1,20,000, புன்செய் மூன்று ஹெக்டேர், நகரத்து வீடு ஆயிரம் சதுர அடி, கார் இன்மை என்று எல்லைகள் வகுத்திருக்கின்றனர். அவ்வட்டை போனால் அரிசியும் போகும். மறுபுறம், அங்கே 2023 ஆகஸ்டில் மைசூரில் தொடங்கிய கிருகலட்சுமித் திட்டம் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் அளிக்க முன்வந்தபோது, வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் செலுத்துவோரை நீக்கிற்றேயன்றி, நிலத்தை அளந்து பார்க்கவில்லை. ஆனேக்கல்லில் வாழும் அக்காளுக்கும் ராயக்கோட்டையில் வாழும் தங்கைக்கும் ஒரே தகப்பன் விட்ட ஒரே அளவு மண்; அதனை அளக்கும் கயிறோ எல்லைக்கல்லைத் தாண்டியவுடன் மாறிவிடுகிறது.

மேனாட்டார் இவ்விஷயத்தில் நம்மினும் நீண்ட அனுபவமுடையவர். இங்கிலாந்தில் 1931-ல் வேலையில்லாதோர்க்கு உதவி வழங்குமுன், குடும்பம் முழுவதன் வருவாயையும் சேமிப்பையும் துருவி ஆராயும் சோதனை ஏற்படுத்தினர். மகனுடைய கூலி தகப்பனுடைய உதவியைக் குறைத்தது. ஆகவே மகன் வீட்டைவிட்டு வெளியேறினான். அக்கசப்பு ஆறாமல், 1941-ல் குடும்பத்தை ஒன்றாகச் சேர்த்துக் கணிக்கும் முறையைச் சட்டத்தால் நீக்கினர். 2003-ல் உழைக்கும் குடும்பங்களுக்கென அவர்கள் அமைத்த வரிச்சலுகைத் திட்டம், சேமிப்பின் முதலைக் கேளாமல் அதினின்று வரும் வருவாயை மாத்திரம் கேட்டது. அது 2025 ஏப்ரலில் முடிவுற்று, அதனிடத்தில் வந்த யூனிவர்சல் கிரெடிட் முதலையே கேட்கிறது: 6,000 பவுனுக்குமேல் ஒவ்வொரு 250 பவுனுக்கும் மாதம் 4.35 பவுன் உதவி குறையும். 16,000 பவுனைத் தாண்டினால் உதவியே இல்லை. அமெரிக்காவில் முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் உரிய ஓர் உதவிக்கு, தனி ஒருவர் 2,000 டாலருக்குமேல் வைத்திருத்தலாகாது என்ற எல்லை 1989-லிருந்து ஏறவேயில்லை. விலைவாசி ஏற ஏற, ஏறாத எல்லை ஆண்டுதோறும் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது. நம்முடைய ஒரு லட்சம் ரூபாய் எல்லைக்கும் இதுவே கதி.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஓசூரில் மூன்று கோடி ரூபாய் நிலத்தை விலையேறட்டும் என்று தரிசாகப் போட்டுவிட்டு, ஏழைபோல் வந்து நிற்பவருக்கும் ஓய்வூதியம் கொடுப்பதோ என்று கேட்பர். நியாயமான கேள்வி. அத்தகையோர் இல்லையென்று சொல்ல யான் துணியேன். ஆனால் அவரைத் தடுப்பதற்கென்று போட்ட வேலி எவரைத் தடுக்கிறதென்று பாருங்கள். மூன்று கோடிக்காரருக்கு வக்கீலும் உண்டு, பினாமியும் உண்டு. வேலியைச் சுற்றிப் போக வழியும் தெரியும். வேலியில் சிக்குவது அரை ஏக்கர்க் கிழவியின் சேலைத் தலைப்பு. நிலத்தின் சந்தை விலையை விட்டுவிட்டு, அது உண்மையில் தரும் வருமானத்தை மாத்திரம் கணக்கிற் கொள்வதே நேரான வழி என்பது என் அபிப்பிராயம். குடியிருக்கும் வீட்டைச் சொத்தென்று எண்ணவே கூடாது. கூட்டுப் பட்டாவில் பாகம் பிரிந்து அனுபோகம் வரும்வரையில், பெயர் இருப்பதொன்றே சொத்தாகாது. சேமநிதி, பணிக்கொடை, நில நஷ்டஈடு ஆகியவை ஒரே முறை வருவன. மாதாமாதம் வருவன போல அவற்றை வருமானச் சான்றில் ஏற்றுவது தவறு. எல்லையைத் தாண்டியவுடன் முழு உதவியையும் நிறுத்திவிடாமல் படிப்படியாகக் குறைக்கலாம். இங்கிலாந்தார் சேமிப்பைக் கேட்பதில் கடுமை காட்டினும், அந்தப் படியையாவது வைத்திருக்கின்றனர். நிலத்தைத் தரிசாகப் போட்டு விலைக்குக் காத்திருப்பவரைப் பிடிக்க வேண்டின், விற்கும்போது வரி வாங்குவதற்குச் சர்க்காருக்கு வழி இல்லாமலில்லை. இதனாற் செலவு கூடுமே என்பார்க்கு, ஒவ்வொரு மனுவுக்கும் நில மதிப்பைத் தேடி உத்தியோகஸ்தர் அலையும் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

விதிகள் மாறும்வரையில் அக்குடும்பம் என்ன செய்வது? அரசாங்கத்துக்கு யோசனை கூறுவது எளிது; தாலுகா அலுவலகத்தின் வாயிலில் நிற்பது அரிது. தகப்பன் பெயரில் உள்ள பட்டாவுக்கு வாரிசுச் சான்று பெற்று, பாகப் பிரிவினை எழுதி, உட்பிரிவு செய்துகொள்வதே முதற்காரியம். முன்னாளில் கர்ணம் இருந்தார். 1980-ல் அவ்வுத்தியோகம் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கிராமக் கணக்கு அவரிடத்தில் இருக்கிறது. தாயின் பாகத்தை மகனுக்கு எழுதியே தீரவேண்டுமாயின், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத்து மூலம் சேர்த்துக்கொள்ளட்டும். வெட்கப்பட வேண்டியது அதற்கன்று. உரிமைத் தொகை மறுக்கப்பட்டபோது, மறுப்பை அறிந்த முப்பது நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய விதி இடம் வைத்திருந்தது. அந்த முப்பது நாளும் பலருக்கு மனுவெழுதத் தக்கவரைத் தேடுவதிலேயே கழிந்துபோயிற்று.

நம் கல்லூரி மாணவருள் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருவோர் இலரல்லர். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசும் அப்பாட்டிமாருக்கு எழுத்துத் தமிழில் ஒரு பக்க மனுவை எழுதிக்கொடுக்க அவர்களால் இயலும். அடுத்த விடுமுறையில் வீடு சென்றதும், தத்தம் வீட்டுக் கூட்டுப் பட்டாவை இரும்புப் பெட்டியினின்று எடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது, அத்தை பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.